ரசமட்டம்

வெலிங்டனில் மேஜர் வீடு காலியான அன்று
லாரியில் ஏறாமல் நின்றது இது ஒன்றுதான்.
ஏழாயிரம் சொன்னார்கள், ஆறுக்கு முடிந்தது.
மவுண்ட் ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு எண்பத்தேழு படி.
முப்பதாவதில் இறக்கி வைத்துவிட்டு
தூக்கிய நால்வரும் பீடி பிடித்தார்கள்.
அதற்குள் மேகம் வந்து
வட்டக் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போயிற்று.

முதல் நாளே அது நடந்தது.
நடந்தது என்றால் நிஜமாகவே நடை.
பிழிகிற சுற்றில் உறுமிக் குலுங்கி
சுவரை விட்டு விலகி
வயர் விட்ட தூரம் வரை போய்
பால் வாங்கக் கிளம்பியவள் மாதிரி
வாசலைப் பார்த்து நின்றது.
"மேட்டுப்பாளையம் போகுதும்மா" என்றான் ஜெரோம்.
இடுப்பால் முட்டித் தள்ளி
இடத்துக்குக் கொண்டுவந்தேன்.
ஒவ்வொரு துவையலுக்கும் ஒரு முட்டு.

எடப்பள்ளி பெள்ளிராஜ்
மூன்று வீட்டு ரிப்பேர் சேர்ந்தால்தான் பைக்கை எடுப்பார்.
ஒன்பதாம் நாள் வந்தார். முதுகுப்பக்கம் குனிந்தார்.
"போல்ட்டைக் கழட்டலையா அக்கா?"
பயணத்தில் டிரம் ஆடாமலிருக்கப் போட்ட நான்கு போல்ட்.
கட்டிவைத்த உடம்பைச் சுற்று சுற்று என்று
ஒன்பது நாளாய் ஏவியிருக்கிறேன்.

அதன் பிறகும் கொஞ்சம் நகர்ந்தது. தரை அப்படி.
கோலிக்குண்டை வைத்தால் நிற்கிற இடம்
இந்தக் குன்னூரில் ஒன்றுகூடக் கிடையாது.
ரசமட்டத்தைக் கோத்தகிரியில் விட்டுவிட்டாராம்.
தண்ணீர் பாட்டிலில் ஒரு மிடறு குடித்து
மூடி போட்டு, மேலே படுக்கவைத்தார்.
குமிழி ஓடியது. கால்களைத் திருகத் திருக
தயங்கித் தயங்கி நடுவுக்கு வந்தது.
ஒரு காலுக்குத் திருகு போதாமல்
டைல் துண்டு.
"தூளைப் பாதியாக்குங்க, நுரையைப் பாத்து ஏமாறாதீங்க."
பாட்டிலை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

எங்களுக்குத் தண்ணீர் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை.
குழாயில் அழுத்தம் இருக்காது;
சோப்பு டிராயரில் மக் மக்காக நான்தான் ஊற்றுவேன்,
கைக்குழந்தைக்குச் சங்கில் புகட்டுகிற மாதிரி.
சகாயத்துக்கு டீ ஃபேக்டரியில் ராத்திரி ஷிப்ட்.
அவர் சட்டைகளின் முதல் அலசல் டிகாஷன்.
இரண்டாவது, ஆபீஸில் தருகிற டீ.
மூன்றாவதை, ட்யூபை வளைத்து பக்கெட்டில் பிடித்தால்
கக்கூசுக்கு இரண்டு நாள் வரும்.

மாதம் ஒருமுறை கீழ் மூடியைத் திறக்க வேண்டும்.
முதல் தடவை வந்தது எதுவும் எங்களுடையதில்லை.
தேய்ந்த பித்தளைப் பொத்தான்.
யாரோ சிறுமியின் மஞ்சள் கிளிப், பாதி.
ஒரு கரண்டி மணல். எங்கள் மண் சிவப்பு,
இது வெள்ளை, விரலில் உருண்டது.
மேஜர் எங்கெங்கே இருந்தாரோ.
பொத்தானை ஊசி டப்பாவில் போட்டேன்.
மணலைக் கொட்ட மனமில்லை, ஆனாலும் கொட்டினேன்.

ஐப்பசியில் இங்கே துணி காயாது,
ஃபேக்டரித் தேயிலை மாதிரி வாடும்.
ரப்பர் மடிப்பில் கரும்புள்ளி பூக்கும்.
வினிகர் நனைத்த துணியை விரலில் சுற்றித் துடைத்து
கதவை ஒரு சாண் திறந்தே விடுகிறேன்.
குளிருக்கு எல்லாக் கதவையும் சாத்துகிற வீட்டில்
இது ஒன்றுதான் வாயைத் திறந்தபடி தூங்குகிறது.

நேற்று நான்காம் நாள் மழை. கரண்ட் இல்லை.
வாரமாய்த் துவைக்கவேயில்லை.
ஏனோ டார்ச்சடித்துப் பார்த்தேன்.
குமிழி ஒரு விரல் தள்ளி நின்றது,
பள்ளத்துக்கு எதிர்ப்பக்கம்.
மிஷின் நகரவில்லை. டைல் துண்டு வைத்தபடி இருக்கிறது.
டைலுக்குக் கீழே தரை.
தரைக்குக் கீழே,

ஸ்பேனரை எடுத்து
முன்காலைக் கால் சுற்றுத் திருகினேன்.
குமிழி நடுவுக்கு வந்துவிட்டது.
அப்புறம், தூங்குகிற ஜெரோமைப்
பாயோடு இழுத்து
ரோட்டுப் பக்க அறையில் போட்டேன்.